செத்த அப்பாதான் ஓடுகிறார்

தான் செத்துப்போன விஷயம் மட்டக்கோலுக்குத் தெரிய வந்தபோது அவர் கையில் தேநீர் டம்ளர் இருந்தது. தலையில் சும்மாடு இருந்தது. காலையில் வந்த லோடில் பாதியை இறக்கிவிட்டு, டைல்ஸ் கடையின் முன்கொட்டகையில் ஆளாளுக்குக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நேரம்.

தலையில் பெட்டியை வைத்தால் பக்கவாட்டில் ஒரு நூல் சாயாமல் நடப்பார் என்பதால் சுமைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மட்டக்கோல். அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலை. கூட்டத்தில் ஒருவன் எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுவான். சிரிப்பன் என்று அவனுக்குப் பெயர். அவன்தான் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அண்ணே, இது நீங்கதானே?"

"நான்தான். யாருடா எடுத்தது?"

"யாரோ எடுத்தது இருக்கட்டும். நீங்க செத்துட்டீங்களாமே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

படத்தில் மட்டக்கோல் இதே கடை வாசலில் தலைச்சுமையோடு நின்றார். கலரை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டிருந்தார்கள். பின்னால் வயலின் ஒன்று மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதது. அப்புறம் அவர் மகன் வந்தான். கறுப்புச் சட்டை, சுழல் நாற்காலி, கண்ணில் வரலாமா வேண்டாமா என்று நிற்கிற ஒரு சொட்டு.

"என் அப்பா ஒரு சுமைத் தொழிலாளி," என்றான் மகன். "ஒரு நாள் காலையில வேலைக்குப் போனார். சாயங்காலம் வரல. சரிஞ்ச லோடுக்கு அடியில அவர் மூச்சு நின்னுபோச்சு. முதலாளி எட்டிக்கூடப் பாக்கல. அன்னிக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். யாரோட உதவியும் இல்லாம, என்னை நானே உருவாக்கினேன். உங்களாலயும் முடியும். ஞாயித்துக்கிழமை வகுப்பு. இடம் கொஞ்சம்தான் இருக்கு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "அண்ணே, செத்தவர் சுமக்கக் கூடாது, டம்ளரைக் குடுங்க நான் பிடிச்சுக்கறேன்" என்றான் ஒருவன். மட்டக்கோலும் முதலில் சிரித்தார். அதற்குள் உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

முதலாளி சிரிக்கவில்லை. படத்தில் மட்டக்கோலின் தலைக்கு மேலே கடைப் பலகை பளிச்சென்று தெரிந்தது. அதை மறைக்க வேண்டும் என்று உலகத்துக்கே புத்தி சொல்கிற மகனுக்குத் தோன்றவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் நியாயவான்கள் ஆகிவிட்டார்கள். கடைக்கு ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுத் தள்ளினார்கள். 'கொலைகாரன் கடை' என்று எழுதினார்கள். டைல்ஸ் பக்கமே வாழ்நாளில் தலை வைத்துப் படுக்காதவர்கள் போன் போட்டு முதலாளியின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள்.

"நான் எப்பப்பா உன்னைச் சாகடிச்சேன்?" என்றார் முதலாளி.

"எனக்கே இப்பத்தான் தெரியும் முதலாளி."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள அது போகணும். போகலைன்னா நீ போயிடணும். என்னால உன் குடும்பக் கூத்துக்கெல்லாம் பேச்சு வாங்க முடியாது."

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மட்டக்கோலுக்கு வேலை என்பது இனி சோற்றுப் பிரச்சினை மட்டும் இல்லை. மகன் வீட்டில் சோறு கிடைக்கும். நல்ல தட்டில் கிடைக்கும். ஆனால் அந்தச் சோற்றைத் தின்றால், அது எப்படிக் கிடைத்தது என்று அவன் சொல்கிற கதையையும் சேர்த்து விழுங்க வேண்டும். உடம்பில் தெம்பு இருக்கிறவரை தன் தலைச்சுமையில் தான் சாப்பிட வேண்டும் என்பது அவர் வைத்திருந்த ஒரே வீம்பு. அந்த வீம்புக்குத்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமை கெடு வந்திருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவள். கையெல்லாம் சோடா உப்பில் வெந்து வெளுத்திருக்கும். அந்தக் கையால் காய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "ஆமா, பாத்தேன்" என்றாள்.

"பாத்தியா? எப்போ?"

"போன மாசமே. நல்லாத்தான் பேசியிருக்கான்."

"நான் செத்துட்டேன்னு சொல்றான்டி."

"தொழிலுக்குத்தானே சொல்றான். செத்துட்டார்னு மரியாதையா சொன்னான். இன்னொருத்தன் போட்டிருக்கான், எங்கப்பன் குடிச்சிட்டு எங்களை விட்டுட்டு ஓடிட்டான்னு. அதுக்கு இது தேவலை இல்லையா?"

ஓடிப்போனவனைவிடச் செத்தவன் மேல் என்று ஆன பிறகு மட்டக்கோல் கால் கழுவப் போனார்.

ராக்கெட் ப்ரோ என்று இன்றைக்கு ஊர் கூப்பிடுகிற அந்தப் பிள்ளை, கல்லூரியில் பாதியில் நின்றவன். ஏன் நின்றாய் என்று கேட்டால், கல்லூரி என் வேகத்துக்கு வரவில்லை என்பான். பரீட்சைகளும் அவன் வேகத்துக்கு வரவில்லை என்பது பின்னால் தெரிந்தது. கொஞ்ச நாள் மல்லாந்து படுத்து மோட்டுவளையைப் பார்த்தான். அப்புறம் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிற பக்கம் ஒன்றைப் போனில் தொடங்கினான். வணக்கத்துக்கு ஆசைப்பட்டு ஆள் சேர்ந்தது. சேர்ந்த ஆட்களை மந்தையோடு ஒரு முடிவளர் எண்ணெய்க்காரனுக்கு விற்றான். பக்கத்தின் பெயரை மாற்றினால் போதும். காலை வணக்கத்துக்கு வந்தவர்கள் கண் விழித்தபோது எண்ணெய்க்கு ரசிகர்களாக இருந்தார்கள்.

அடுத்து, முடி வெட்டுகிறவர் ஒருவருக்கு ஆயிரக்கணக்கில் விருப்பக்குறி வாங்கிக் கொடுத்தான். அத்தனையும் கடல் தாண்டிய ஆட்கள். ஒருவர்கூட முடி வெட்டிக்கொள்ள வரவில்லை. பல் டாக்டருக்குச் செய்தான், வண்டி பழுது பார்க்கிறவருக்குச் செய்தான். எல்லாரிடமும் "பேர் பரவணும் சார், வியாபாரம் தானா வரும்" என்றான். பேர் பரவியது. பரவின பேரை வைத்துக்கொண்டு அவர்கள் ஈ ஓட்டினார்கள். அவன் அடுத்த ஆளைப் பார்க்கப் போனான்.

அப்புறம்தான் அவனுக்குப் பெரிய ஞானம் பிறந்தது. தொழில் செய்தால் வியர்க்கிறது. தொழில் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தால் வியர்ப்பதில்லை. வகுப்பு தொடங்கினான். அவனிடம் படித்தவர்கள் வெளியே போய் என்ன செய்தார்கள் என்றால், அவர்களும் வகுப்பு தொடங்கினார்கள். கடைசியில் படிக்க ஆள் மிச்சம் இருக்காதே என்று மட்டக்கோல் ஒரு முறை கேட்டார். "உங்களுக்கு மைண்ட்செட் இல்லப்பா" என்றான்.

யாருடைய உதவியும் இல்லாமல் உருவானான் என்பதும் ஒரு விதத்தில் சரிதான். முதல் அலுவலகம் இஸ்திரிக் கடைக்கு மேலே ஒரு தகரக் கூரை அறை. அந்த அறைக்கு மேசை தானாக ஏறியது. பீரோ தானாக ஏறியது. குறுகல் படியில் அவற்றுக்குக் கீழே ஒரு தலை இருந்ததையும், அம்மா இரட்டை ஷிப்டு பார்த்த சம்பளம் கம்ப்யூட்டராக மாறியதையும் அவன் கவனித்திருக்க மாட்டான். கண் எப்போதும் உயரத்தில் இருக்கிறவனுக்குக் காலடியில் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்.

மறுநாள் வேலைக்கு நடுவே முதலாளியிடம் சொல்லிக்கொண்டு மட்டக்கோல் மகனுடைய புது அலுவலகத்துக்குப் போனார். முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். லிப்ட் கதவுகூடக் கண்ணாடி. உள்ளே தரையில் பிளாஸ்டிக் புல் விரித்திருந்தார்கள். சுவரில் ஆளுயரத்துக்கு 'பசியோடு இரு' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு பையன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வாசல் மேசையில் இருந்த பெண் அவர் தோள் துண்டைப் பார்த்தாள்.

"தண்ணி கேனா? பின்பக்கம் வைங்க."

"இல்லம்மா. ராக்கெட்டைப் பாக்கணும்."

"சீஃப்பையா? நீங்க அவருக்கு யாரு?"

"அப்பா."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "சீஃப்போட அப்பா இறந்துட்டாரே."

"ஆமாம்மா. அதைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்."

அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு மணி அடித்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வகுப்புக்குப் புதிதாக ஓர் ஆள் சேர்ந்தால் மணியடித்துக் கைதட்டுவது அங்கே வழக்கமாம். உட்கார்வதற்குள் மறுபடியும் அடித்தது. மறுபடியும் எழுந்தார்கள். மட்டக்கோல் உள்ளே போகிற வரையில் அந்தப் பிள்ளைகள் எழுவதும் உட்கார்வதுமாகவே இருந்தார்கள். தன் சாவுக்குத்தான் இவ்வளவு கைதட்டல் என்று அவருக்குப் புரிந்தது.

மகன் அவரைப் பார்த்ததும் கதவைச் சாத்தினான். கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. தெருவில் கிடந்த நாலணாவை எடுத்தவனுக்கு இருக்கிற அளவு தயக்கம்கூட அந்த முகத்தில் இல்லை.

"வாங்கப்பா, உக்காருங்க. எதைப் பத்தி வந்திருக்கீங்கன்னு தெரியும். அம்மா சொன்னாங்க."

"எதுக்குடா என்னைச் சாகடிச்சே?"

"நான் எங்கப்பா சாகடிச்சேன்?" அவன் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினான். அதில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று தரையோடு ஊர்ந்தது, ஒன்று கூரைக்கு ஏறியது. "எதைப் போட்டாலும் ரெண்டு விதமாப் போடுவோம். ஒண்ணுல பட்டன் சிவப்பு, இன்னொண்ணுல பச்சை. எது ஓடுதோ அதை வச்சுக்குவோம். ஓடாததை நிறுத்திடுவோம். அப்பா விஷயத்துலயும் அதேதான் செஞ்சோம். ஒண்ணுல நீங்க வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வர்றீங்க. இன்னொண்ணுல வரல. வராததுதான் ஓடுது."

"நான் வீட்டுக்கு வந்தா?"

"வீட்டுக்கு வந்தா ஜனங்க தள்ளிவிட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடறாங்கப்பா. நான் என்ன பண்றது? இது என் முடிவு இல்ல. மக்கள் முடிவு."

மட்டக்கோல் அந்தத் தரையோடு ஊர்கிற கோட்டைப் பார்த்தார். அதுதான் அவர். உயிரோடு இருக்கிற அவர்.

"கடைப் பலகை தெரியுதுடா. முதலாளி என்னை வேலையை விட்டுப் போன்னு சொல்றாரு."

"நல்லதாப் போச்சு. விட்ருங்க. இந்த வயசுல எதுக்குச் சுமக்கணும்? வீட்ல இருங்க, நான் பாத்துக்கறேன்."

"செத்தவனை வீட்ல வச்சு எத்தனை நாள் பாத்துக்குவே?"

"அப்பா, ஞாயித்துக்கிழமை வரைக்கும். வகுப்பு முடிஞ்சதும் யோசிக்கலாம்."

"எனக்கு என் வேலை வேணும். அதை எடுத்துடு."

"எடுக்க முடியாது. ஓடிக்கிட்டிருக்கறதை நிறுத்தினா திரும்ப அந்த வேகம் வராது. கடைக்கு நட்சத்திரம் குறைஞ்சதுதானே பிரச்சினை? அதை நான் சரி பண்ணிடறேன்."

சரி பண்ணினான். வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் கடைப் பெயரைச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான். மாலைக்குள் டைல்ஸ் கடைக்கு ஐந்து நட்சத்திரமாகக் கொட்டியது. அந்தப் பிள்ளைகள் வழக்கமாக விடுதிகளுக்கு எழுதுகிறவர்கள். கை பழகியபடி எழுதிவிட்டார்கள். 'உள்ளே நுழைந்ததும் மனம் லேசாகிவிட்டது.' 'ஊழியர்களின் அன்பான உபசரிப்பு.' 'காற்றோட்டம் அருமை, குழந்தைகள் திரும்ப வர மனமில்லாமல் அழுதார்கள்.' ஒருவர் காலை உணவையும் பாராட்டியிருந்தார்.

சிரிப்பன் அதை வாசித்துக் காட்டியபோது சுமைக்காரர்கள் தலைச்சுமையோடு சிரித்து, ஒரு பெட்டி கீழே விழப் பார்த்தது. "என் அன்பான உபசரிப்பை யாருடா பாத்தது?" என்றான் அவன்.

ஆனால் முதலாளிக்கு வாய் காதுவரை போயிருந்தது. கடை தொடங்கின காலத்திலிருந்து அவரை யாரும் பாராட்டினது இல்லை. சனங்கள் நிஜமாகவே வர ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் ஆள் செத்த இடத்தைப் பார்க்க வந்தவர்கள். வந்ததற்கு ஒரு குளியலறைக்காவது டைல்ஸ் வாங்கிப் போனார்கள். கெடு விதித்த வாயாலேயே முதலாளி, "உன் பையன் கில்லாடிப்பா, ஒரு தடவை வரச் சொல்லேன்" என்றார்.

ராக்கெட் வந்தான். கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறுவதற்குள் முதலாளியைக் கொலைகாரரிலிருந்து வள்ளல் ஆக்கிவிட்டு எழுந்தான். திட்டம் இதுதான். கடைக்குள் நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரில் மட்டக்கோலின் படத்தைப் பெரிதாக மாட்டுவது. மேலே ஒரு சின்ன விளக்கு. படத்தை முதலாளியே திறந்து வைத்து, அன்றைக்கு நான் கவனிக்காமல் விட்டேன், இன்றைக்கு என் கடையில் ஒவ்வொரு தொழிலாளியும் என் குடும்பம் என்று கண் கலங்குவது. ராக்கெட் அதைப் போனில் நேரலையாகக் காட்டுவது. நடக்காத சாவுக்கு மன்னிப்புக் கேட்பதில் முதலாளிக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. நடந்ததற்குக் கேட்கச் சொன்னால்தான் அவருக்கு நெஞ்சு வலிக்கும். ஒரு முறை பெட்டி விழுந்து சிரிப்பன் கால் நகம் பெயர்ந்தபோது, பெட்டிக்கு என்ன ஆச்சு என்றுதான் அவர் கேட்டார்.

"உன் வேலை எங்கயும் போகல," என்று மட்டக்கோலைக் கூப்பிட்டுச் சொன்னார். "பின்பக்கம் குடோன்ல இரு. வாசலுக்கு மட்டும் வந்துடாதே. கஸ்டமர் உன்னைப் பாத்தா நல்லா இருக்காது."

லோடு வருவது வாசலுக்கு. பின்பக்கத்தில் உடைந்த சில்லைத்தான் கூட்டி அள்ள வேண்டும். கூட்டத்துக்குத் தலையாக இருந்தவர் கையில் துடைப்பம் வந்தது. முன்னால் சிரிப்பன் தலைமையில் பெட்டிகள் இறங்கும் சத்தம் கேட்கும். யார் கால் தடுமாறுகிறது, எவன் பெட்டியைத் தரையில் வைக்காமல் போடுகிறான் என்பது சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாலே அவருக்குத் தெரியும். எழுந்து போக முடியாது. போனால் வேலை போகும். இருந்தால் வேலை இருக்கும், அவர்தான் இருக்க மாட்டார். இதைத்தான் பிள்ளை சரி பண்ணிக் கொடுத்திருந்தான்.

படம் திறக்கும் நாள் வந்தது. வாசலில் விளக்குக் கம்பம், குடை மாதிரி வெள்ளைத் துணி, போன் செருகிய முக்காலி என்று ராக்கெட்டின் பிள்ளைகள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி புதுச் சட்டையில் உடம்பு அரிக்க நின்றார். அன்றைக்கென்று லோடு எதுவும் வரக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தும், தொலைவிலிருந்து வந்த நீள வண்டி ஒன்று தெருவை மறித்துக்கொண்டு நின்றது. அது பின்சந்தில் திரும்பாது. டிரைவர் ஹாரனை அமுக்கிவிட்டுக் கத்தினான்.

"எங்க ஆளுங்க? நான் இன்னும் ரெண்டு கடைக்குப் போகணும். மட்டக்கோல் அண்ணன் எங்கய்யா?"

"செத்துட்டாரு," என்றான் சிரிப்பன், முதலாளி முறைப்பதைப் பார்த்து.

"போன வாரம்தானேடா எங்கிட்ட புகையிலை வாங்கினாரு. விளையாடாம கூப்பிடு."

குடோனில் மட்டக்கோல் இதைக் கேட்டார். ஒரு மனுஷன் அவர் பெயரைச் சொல்லி அவரைத் தேடுகிறான். அந்தத் தெருவில் அன்றைக்கு அவரை உயிரோடு கேட்ட ஒரே ஆள் அந்த டிரைவர்தான். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பக்கச் சந்து வழியாக வண்டிக்குப் போனார். டிரைவர் ஏற்றிவிட்ட பெட்டியை வாங்கிக்கொண்டு, சாயாமல், நேராகக் கடை வாசலுக்கு நடந்தார்.

உள்ளே முதலாளி மன்னிப்புக் கேட்டு முடித்து, படத்தின் திரையை இழுத்திருந்தார். விளக்குக்குக் கீழே மட்டக்கோல் தலைச்சுமையோடு நின்றார். அதற்கு எதிரே மட்டக்கோல் தலைச்சுமையோடு வந்து நின்றார்.

முதலாளி இழுத்த திரையைத் திரும்பப் படத்தின் மேல் போடப் பார்த்தார். ராக்கெட்டின் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராக்கெட் மட்டும் அசரவில்லை. போனைப் பார்த்தபடியே ஒரு மூச்சு விட்டான். அவ்வளவு நேரம்தான் அவனுக்குத் தேவைப்பட்டது.

"நண்பர்களே, இவரை நான் எதிர்பாக்கல. இவர் என் சித்தப்பா. அப்பாவோட கூடப் பிறந்த தம்பி. அதே முகம், அதே உழைப்பு. இன்னிக்கும் அதே கடையில சுமக்கறார். சித்தப்பா, அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

செத்ததுகூட மட்டக்கோலுக்கு இவ்வளவு உறைக்கவில்லை. செத்தவனுக்கு அப்பா என்ற பதவியாவது மிச்சம் இருந்தது. பெற்ற பிள்ளை, பார்த்துக்கொண்டிருக்கிற முகத்துக்கு நேரே, நாக்குத் தடுக்காமல் சித்தப்பா என்கிறான். பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். முகத்தைத் துடைத்தார். போன் எது, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் வெள்ளைக் குடையைப் பார்த்துப் பேசினார்.

"நான் இவனுக்குச் சித்தப்பன் இல்ல. அப்பன். அந்தப் படத்துல இருக்கறது நான்தான். எம்மேல எந்த லோடும் சரியல. முதலாளி இப்போ மன்னிப்புக் கேட்டாரே, அது எதுக்குன்னு அவருக்கே தெரியாது. என்னைச் சாகடிச்சது இவன்கூட இல்லையாம். போனைக் கையில வச்சுக்கிட்டு அடுத்தது அடுத்ததுன்னு தள்ளிவிடறீங்களே, நீங்கதானாம். நான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா உங்களுக்குப் புடிக்கலியாம். நான் தினமும் வீட்டுக்கு வர்றேன். புடிச்சாப் பாருங்க, புடிக்கலைன்னாப் போங்க."

மகனின் முகம் வெளிறியது. அந்த முகத்தில் ஒரு நொடி, தகரக் கூரை அறைக்கு மேசை ஏறுவதை வேடிக்கை பார்த்த பையன் தெரிந்த மாதிரி இருந்தது. மட்டக்கோல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்பா என்று ஒரு சொல் வந்தால் போதும், மீதி எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று நின்றார்.

போன் திரையில் இதயங்கள் மேலே மேலே மிதந்தன. அதன் வெளிச்சம் மகன் முகத்தில் பட்டது. கீழே எழுத்துகள் ஓடின. 'சித்தப்பா வேற லெவல்.' 'அழுதுட்டேன் ப்ரோ.' 'அண்ணன் மேல எவ்வளவு பாசம் இருந்தா, தன்னையே அண்ணன்னு நினைச்சுப் பேசுவார்.'

மகன் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. கடைசியாக வந்ததை அவன் பிடித்துக்கொண்டான். வந்து அவர் தோளில் கையைப் போட்டு, தழுதழுத்த குரலில் சொன்னான்: "அப்பா போனதுல இருந்தே சித்தப்பா இப்படித்தான் பேசறார். டாக்டர்கிட்டக்கூடக் காட்டினோம். தயவுசெஞ்சு யாரும் சிரிக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற பெண் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். மட்டக்கோல் தோளில் கிடந்த கையை, சட்டையில் ஒட்டின சிமெண்டைத் தட்டுவது மாதிரித் தட்டிவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் முதலாளியிடம் போனார்.

"முதலாளி, அந்தப் படத்தைக் கழட்டுங்க. நாளையில இருந்து நான் வாசல்ல வேலை பாக்கறேன்."

முதலாளி படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஒன்று ஆள் கூட்டுகிறது, சம்பளம் கேட்பதில்லை. இன்னொன்று வாயைத் திறக்கிறது.

"கொஞ்ச நாள் தொங்கட்டுமேப்பா. இப்பத்தானே மாட்டியிருக்கு. நீ பின்னாடி இரு. உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. ஒரே கடையில ரெண்டு மட்டக்கோலுக்கு வேலை இல்ல. நீங்க அவனையே வச்சுக்கங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். சிரிப்பன் வாசல்வரை வந்து, பல்லைக் காட்டாமல், "அண்ணே, சாப்பாட்டுத் தூக்கு" என்று எடுத்துக் கொடுத்தான்.

வீட்டில் மனைவி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். துணி வெளுக்கும் இடத்தில் எல்லாரும் சேர்ந்து நேரலையைப் பார்த்தார்களாம்.

"நீங்க அவனுக்குச் சித்தப்பான்னா, நான் உங்களுக்கு யாரு?" என்றாள். "அண்ணியா?"

மட்டக்கோல் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தார்.

"அண்ணன் செத்ததும் கொழுந்தனோட குடும்பம் நடத்தறியான்னு ஒருத்தி கேக்கறா. செத்துட்டார்னு சொன்னப்போ பொறுத்துக்கிட்டேன், தொழில்தானேன்னு. இப்போ என்னை எங்க கொண்டுபோய் நிறுத்தியிருக்கான் பாருங்க." அன்று மகன் போன் பண்ணினான். எடுத்தாள். "யாருப்பா? உங்க சித்தி வெளியே போயிருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவனுக்கு அவள் பேசுவதும் புதிதாக ஒரு கதை ஓட்டுவதற்கான யோசனையாகத்தான் பட்டிருக்கும்.

டைல்ஸ் கடைக்கு நேர் எதிரே பைப்பும் கழிப்பறைப் பீங்கானும் விற்கிற கடை. பீங்கான் சுமக்க நிதானமான ஆள் வேண்டும், அவசரக் குடுக்கைகள் ஆகாது. மட்டக்கோல் போய்க் கேட்டார். "நீங்க அந்தப் போன்ல வந்தவர்தானே? மூளை சரியில்லன்னு சொன்னாங்களே" என்றார் அந்தக் கடைக்காரர். "மூளையிலயா வச்சு நான் சுமக்கறேன்? தலைமேலதானே" என்றார் மட்டக்கோல். வேலை கிடைத்தது.

புது இடத்தில் கூலி குறைவு. கூட்டத்துக்குத் தலை வேறு ஆள். ஆனால் வாசலில் வேலை. தெருவைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, சின்ன விளக்குக்குக் கீழே, அவர் தொங்கிக்கொண்டிருப்பார். இவர் கழிப்பறைத் தொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டிக்கும் கடைக்கும் நடப்பார். ராக்கெட்டின் வகுப்பு ஞாயிற்றுக்கிழமை நிரம்பி வழிந்ததாகவும், அடுத்ததற்கும் இப்போதே ஆள் சேருவதாகவும் சிரிப்பன் வந்து சொன்னான். கேட்டுக்கொண்டார்.

ஒரு நாள், வகுப்பில் சேர்ந்த பையன் ஒருவன், குருவுடைய அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்று தன்னைப் படம் எடுத்துக்கொள்ள டைல்ஸ் கடைக்கு வந்திருந்தான். எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன் தெருவுக்கு எதிரே பார்த்ததும் ஓடி வந்தான்.

"ஐயா, நீங்க ராக்கெட் ப்ரோவோட சித்தப்பாதானே?"

மட்டக்கோல் நின்றார். தலையில் பெரிய பீங்கான் தொட்டி, வெயிலில் வெள்ளையாக மின்னியது. அது ஒரு நூலும் சாயவில்லை.

"இல்ல தம்பி. எனக்கு அண்ணனும் இல்ல, அண்ணன் மகனும் இல்ல."

"அப்போ நீங்க அவருக்கு..."

"அவனுக்கு யாரும் இல்லைன்னு அவனே சொல்றான் இல்ல, தானா உருவானவன்னு. கொஞ்சம் தள்ளி நில்லு. பீங்கான் வருது."